5-1 தோல்விக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் 28 நாள்: கோச் ராஜகோபால்

லயத்துப் பையன் | ஞாயிறு இரவு 9.10

நேற்று சாயங்காலம் கோயில் பக்கத்துத் திடலில் பயிற்சி முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுவாக்கில், 2010-இல் தென்கிழக்காசியக் காற்பந்துப் போட்டியான சுசுகி கிண்ணத்தை மலேசியா ஜெயித்தபோது கோச் யார் என்று கேட்டேன். பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மோரின்யோவா அங்கிள்?" என்றான். அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, அவன் மேல் தப்பில்லை. அவன் அப்பா மேல் கொஞ்சம் உண்டு. அவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார், படித்துக்கொள்ளட்டும்.

கே. ராஜகோபால். செலாங்கூர் மாநில அணிக்கு முன்வரிசையில் ஆடியவர், தேசிய அணிக்கும் ஆடியவர். பிறகு பயிற்றுநர். 2009 டிசம்பரில் லாவோஸில் நடந்த சீ விளையாட்டில், அதாவது தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், 23 வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன்னால் நாம் காற்பந்தில் சீ தங்கம் பார்த்தது 1989-இல். அடுத்த வருஷமே சுசுகி கிண்ணம். அந்தக் கிண்ணத்தை மலேசியா தொட்டது அதுதான் முதல் தடவை. 1996-இல் இறுதியாட்டம் வரை போய் தாய்லாந்திடம் 1-0 தோற்றதுதான் அதுவரை நம் உச்சம்.

நல்ல ஆட்டக்காரர்கள் நம்மில் எத்தனையோ பேர். பத்தாங் பெர்ஜுந்தையிலேயே தெருவுக்கு ஒருவர், "நான் ஆடின காலத்தில்" என்று ஆரம்பிப்பார். ஆனால் ஆடி முடித்தபின் பத்துப் பேரை ஆட வைத்தவர்கள் எத்தனை பேர்? இவரால் எப்படி முடிந்தது? பார்த்தவர்கள் எழுதுங்கள். பெஸ்தாரி ஜெயா என்று ஊர் பெயர் மாறிய பிறகு வந்தவர்களும் எழுதலாம்.


பெரட்டு மணி | ஞாயிறு இரவு 10.02

தம்பி, என்னை இழுத்துவிட்டாய். தூக்கம் போச்சு.

நான் ராஜகோபாலின் ஆட்டத்தை அப்படியே கண்ணில் வைத்திருக்கிறேன் என்று கதை விட மாட்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில் மெர்டேக்கா ஸ்டேடியத்துக்கு நாலைந்து தடவை போயிருப்பேன். ரப்பர் தோட்டத்து லாரியில் பலகை போட்டு உட்கார்ந்து போவோம். திரும்பி வரும்போது விடியப் பார்க்கும், அப்படியே பெரட்டுக்கு, காலையில் வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டியதுதான். பெயர் கூப்பிடும்போது பாதிப் பேருக்குத் தொண்டை இருக்காது. வேலை மேற்பார்க்கிற மண்டோருக்கும் தொண்டை இருக்காது, அவரும் லாரியில் வந்தவர்தானே.

அப்போது என் கண் முழுக்க மொக்தார் டஹாரி மேல். கோலில் ஆறுமுகம் நின்றால் அவர் கையைப் பார்ப்போம். அவ்வளவு நீளக் கை, சும்மாவா ஸ்பைடர்மேன் என்று பேர் வைத்தார்கள். அந்த இரண்டு பேர் இருக்கும் காலத்தில் மூன்றாவது ஆளைக் கவனிக்க யாருக்கு மனசு வரும்? 81-லும் 82-லும் செலாங்கூர், உள்நாட்டு அணிகள் மோதும் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. ராஜகோபால் பெயர் ரேடியோவில் வரும், கைதட்டுவோம், அடுத்த நிமிஷம் மறுபடி மொக்தார்.

இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. எல்லோரும் பார்க்கிற ஆள் பந்தை மட்டும் பார்த்தால் போதும். அந்த ஆளுக்குப் பக்கத்தில் ஆடுகிறவன் அவன் எங்கே போவான், பின்னால் யார் வருகிறான், எதிரி எவனை விட்டான் என்று எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். கோச் வேலை அங்கேயே பாதி ஆரம்பித்துவிடுகிறது. இது என் கணக்கு, தப்பாகவும் இருக்கலாம்.

சரி, நாங்கள் எதில் ஆடினோம் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். தோல் பந்து ஸ்டோரில் பூட்டி இருக்கும், போட்டிக்கு மட்டும்தான் தோட்டத்துக் கணக்கரான கிராணி சாவி கொடுப்பார். எங்களுக்கு ஒட்டுப்பால் பந்து. மரத்தில் வெட்டின கோட்டோடு காய்ந்து கிடக்கும் பாலை நீளமாக உரித்து, நூல் உருண்டை சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டே வர வேண்டும். தேங்காய் அளவு வர ஒரு வாரம் ஆகும். நாற்றம் இருக்கிறதே, வீட்டுக்குள் விட மாட்டார்கள். அது துள்ளினால் எந்தப் பக்கம் துள்ளும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. அதில் பழகினவன் காலுக்குத் தோல் பந்து பூனைக்குட்டி மாதிரி ஒட்டிக்கொள்ளும்.


சந்தேகம் சாமி | திங்கள் காலை 7.31

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் உண்மையும் பேசுவோமே.

2010 டிசம்பர் 1, ஜக்கார்த்தா. முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 5-1. அடுத்து தாய்லாந்தோடு 0-0. லாவோஸை 5-1 அடித்தோம், சரி. ஆனால் நாம் குழுச் சுற்றிலிருந்து தப்பியதே, ஏற்கெனவே தகுதி பெற்றிருந்த இந்தோனேசியா தாய்லாந்தை 2-1 என்று வீழ்த்தியதால்தான். அதுவும் பின்தங்கி இருந்துவிட்டு இரண்டு பினால்டி. தாய்லாந்து அதை ஜெயித்திருந்தால் ராஜகோபால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பியிருப்பார், இன்றைக்கு இந்த இழையும் இருந்திருக்காது. இறுதியின் முதல் ஆட்டத்தில், புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்தில் நம் ரசிகர்கள் லேசர் விளக்கு அடித்த கூத்தை வேறு மறந்துவிடுகிறீர்கள்.

2012 சுசுகி கிண்ணத்தையும் சொல்லுங்கள். சொந்த மண்ணில் சிங்கப்பூரிடம் 3-0. அரையிறுதியில் தாய்லாந்திடம் வெளியே. 2013 முடிவில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமா பூஜை செய்வது?


ஜாலான் ராவாங் | திங்கள் காலை 8.05

2010 டிசம்பர் 29 இரவு நான் மாமாக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். சுவரில் வெள்ளைத் துணி கட்டி ஜக்கார்த்தா இறுதியாட்டத்தைப் போட்டிருந்தார் முதலாளி. உட்கார நாற்காலி இல்லாமல் மோட்டார் மேலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். நம் அணியின் சாஃபி சாலி கோல் போட்டபோது தட்டில் நாலு தே தாரிக் வைத்துக்கொண்டு நின்றேன். யார் இடித்தார் என்று தெரியாது, நாலும் என் சட்டையில். சூடு உறைத்தது கோல் முடிந்து கொஞ்சம் கழித்துத்தான். முதலாளி காசு பிடிக்கவில்லை.

மறுநாள் பொது விடுமுறை விட்டார்கள், அதற்கும் வேலைக்குப் போனேன்.


கோல் கம்பம் | திங்கள் மதியம் 1.15

ஜாலான் ராவாங், விடுமுறை மறுநாள் இல்லை. டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. புத்தாண்டோடு சேர்ந்து வந்தது, மறக்க முடியுமா?

சாமி அண்ணே, நீங்கள் சொன்ன ஆட்டக் கணக்கு எல்லாம் சரி. அதற்குப் பிறகு உள்ள கணக்கை நீங்கள் போடவில்லை. நான் போடுகிறேன்.

அந்த 5-1-இல் முதல் கோல் நம்முடையது, நோர்ஷாருல் போட்டது. பிறகு சொந்தக் கோல் ஒன்று போட்டுக்கொடுத்து, அப்படியே சரிந்துவிட்டார்கள். இளம் பசங்கள், சரிந்தால் நிற்கத் தெரியாது. ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கிய அதே அணி, அடுத்த ஐந்து ஆட்டங்களில் எத்தனை கோல் வாங்கியது தெரியுமா? ஒன்று. தாய்லாந்தோடு பூஜ்யம், லாவோஸ் ஒன்று, அரையிறுதியில் வியட்நாமோடு இரண்டு ஆட்டத்திலும் பூஜ்யம், இறுதியின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவுக்கும் பூஜ்யம். தாய்லாந்து ஆட்டம் 5-1-க்கு மூன்றே நாள் கழித்து. மூன்று நாளில் யாரும் புதிதாக ஓடக் கற்றுக்கொள்ள முடியாது. நிற்கும் இடத்தை மாற்றலாம், பயத்தை இறக்கலாம், அவ்வளவுதான். கோச் வேலை செய்வதற்கு அந்த மூன்று நாள்தான் இருந்தது. இந்தோனேசியா தாய்லாந்தை ஜெயித்தது அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். தாய்லாந்திடம் நாமே தோற்றிருந்தால் அந்த அதிர்ஷ்டத்தை வைத்து என்ன செய்திருப்போம்?

இன்னொன்று. அந்தப் பசங்கள் திடீரென்று வந்தவர்கள் இல்லை. பெரும்பாலும் முந்தைய வருஷம் லாவோஸின் வியந்தியானில் சீ விளையாட்டுத் தங்கம் வாங்கிய கூட்டம். அங்கேயும் இதே கதைதான். குழு ஆட்டத்தில் வியட்நாமிடம் 3-1 தோல்வி, இறுதியில் அதே வியட்நாமை 1-0. கோல் போட்டது வியட்நாம் ஆட்டக்காரரே, தன் வலைக்குள். சாமி அண்ணன் உடனே அதிர்ஷ்டம் என்பார். ஆனால் ஒரே ஆள், இரண்டு வருஷம், இரண்டு தடவையும் முதலில் தன்னை உதைத்தவனையே கடைசியில் திருப்பி அடித்திருக்கிறார். எனக்கு அது அதிர்ஷ்டமாகத் தெரியவில்லை.

லேசர் கூத்து தப்புதான், அதை மறைக்க வேண்டாம். இரண்டாவது பாதியில் ஆட்டம் சில நிமிஷம் நின்றது. நாம் போட்ட மூன்றும் அதற்குப் பிறகு வந்தது என்பதால் இன்றைக்கும் அவர்கள் சொல்லிக்காட்டுகிறார்கள். சாஃபி இரண்டு, அஷாரி ஒன்று. சரி, ஜக்கார்த்தாவில் லேசர் அடித்தது யார்? அங்கே கேலோரா புங் கர்னோ முழுக்க அவர்கள் ஆள். முதல் பாதியிலேயே அவர்களுக்குப் பினால்டி, நம் கோல்காவலர் கைருல் ஃபாஹ்மி பிடித்தார். சாஃபி ஒன்று போட்டார். 2-1 தோற்றோம், மொத்தத்தில் 4-2. சாஃபிக்கு அந்தப் போட்டியில் ஐந்து கோல், அதிக கோல் போட்டவரும் அவர்தான். அடுத்த வருஷம் இந்தோனேசியாக்காரர்களே அவரைத் தங்கள் லீக்கில் ஆடக் கூப்பிட்டுக்கொண்டார்கள்!


செம்பனைக் காடு | திங்கள் மாலை 6.40

கைருல் ஃபாஹ்மி பேர் வந்ததால் சொல்கிறேன். அந்தப் பையன் அப்போதுதான் கிளந்தானோடு மலேசியக் கிண்ணம் ஜெயித்துவிட்டு வந்திருந்தான். 2010 அக்டோபர் 30, நெகிரி செம்பிலானை 2-1. கிளந்தானுக்கு வரலாற்றிலேயே முதல் மலேசியக் கிண்ணம். அதன் கோச் யார்? பி. சத்தியநாதன். ராஜகோபாலுக்கு முன்னால் தேசிய அணியைப் பார்த்தவர் அவர்தான்.

ஆக ஒரே வருஷக் கடைசியில், இரண்டு மாத இடைவெளியில், இரண்டு பெரிய கிண்ணம், இரண்டுக்கும் கோச் நம் ஆட்கள். அதை அப்போது யாரும் சேர்த்து வைத்துப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியநாதன் 2018-இல் ஃபெல்டா யுனைடெட்டை மலேசியப் பிரிமியர் லீக் சாம்பியன் ஆக்கினார், பிறகு செலாங்கூருக்கு வந்தார். 2023-இல் தவறிவிட்டார். செத்த பிறகு எழுதினார்கள், பக்கம் பக்கமாக.

ராஜகோபாலும் தேசிய அணிக்குப் பிறகு சரவாக், பிகேஎன்எஸ் அணிகள் என்று போனார். பிகேஎன்எஸ் அணியே 2020-இல் செலாங்கூரின் இரண்டாம் அணியாக மாறிவிட்டது. டத்தோ பட்டமெல்லாம் கிடைத்தது, ஆனால் கோச்சுக்கு அடுத்த சனிக்கிழமை ஆட்டம்தான் பட்டம்.


ரெண்டு பிள்ளை அம்மா | திங்கள் இரவு 9.55

அண்ணன்மார் எல்லாம் கிண்ணத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பஸ்ஸைப் பற்றிப் பேசலாமா?

என் பெரியவன் பதினான்கு வயதில், காற்பந்து அணிக்கு ஆள் எடுக்கிற ஒரு தேர்வுக்குப் போனான். எந்த அமைப்பு என்று எழுதப் போவதில்லை. காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். இங்கிருந்து முதல் பஸ்ஸில் போனால் எட்டுக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் என் அண்ணன் லாரியில் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். அங்கே போனால் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். பட்டியலில் உள்ளவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முழு ஆட்டம் ஆட விட்டார்கள். மற்ற பிள்ளைகள் ஓரத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் இவனை எழுப்பி, வலது பக்கம் நில் என்றார்கள். அவன் இடது கால்காரன். பத்து நிமிஷம். பந்து அவன் பக்கம் இரண்டு தடவை வந்தது, எண்ணிக்கொண்டிருந்தேன். "சரி, நன்றி" என்றார்கள்.

வீட்டுக்கு வரும்வரை அவன் பேசவில்லை. சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தான், அதன்பின் ஒரு வருஷம் போடவில்லை. காலுக்கும் சின்னதாகப் போய்விட்டது.

ராஜகோபால் மாதிரி ஒருவர் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தால் இவனை எடுத்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. என் பிள்ளை சாஃபி சாலி இல்லை, எனக்கே தெரியும். எந்தக் கால் என்றாவது கேட்டிருப்பார்.


விசில் | செவ்வாய் காலை 6.20

அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். சின்னவனை நம் பயிற்சிக்கு அனுப்புகிறீர்களே, அவனும் இடது கால்தான். எனக்குத் தெரியும்.

லயத்துப் பையன் கேட்ட கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து கொஞ்சம். நான் தோட்டத்து அணியில் ஆடியவன், அதற்கு மேல் போகவில்லை. பயிற்றுநர் டி லைசென்ஸ் எடுத்தேன், பிறகு சி. அடுத்து பி, ஏ, ப்ரோ என்று ஏணி நீளமாகப் போகிறது. லீவும் வேண்டும், காசும் வேண்டும். நான் சி-யோடு நிற்கிறேன்.

வகுப்பில் முதல் நாள் என்னை ஒரு பயிற்சி நடத்தச் சொன்னார்கள். பையன் ஒருவன் தப்பாகக் கொடுத்தான். நான் ஓடிப்போய்ப் பந்தை வாங்கி, "இப்படி" என்று நானே செய்து காட்டினேன். ரொம்ப அழகாகச் செய்தேன், எனக்கே பெருமை. சொல்லிக்கொடுத்தவர் விசில் ஊதி நிறுத்தி, "இப்போது கற்றுக்கொண்டது யார்?" என்று மலாயில் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆடினவனுக்கு வருகிற முதல் வியாதி அது. காலால் பதில் சொல்லியே பழகிவிட்டோம், வாய் வராது. இரண்டாவது வியாதி, எல்லோரும் நம் மாதிரியே ஆட வேண்டும் என்று நினைப்பது.

2010 ஆட்டங்களை அப்புறம் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன், காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு. ராஜகோபால் தாக்குதல் ஆட்டக்காரர். கோல் போடுகிறவன் கோச் ஆனால் எல்லோரையும் முன்னால் ஓடு என்றுதான் விரட்டுவான். ஆனால் அந்த அணியில் எனக்குப் பிடித்தது பின்வரிசை. வியட்நாமோடு ஹனோயில் நடந்த 0-0 ஆட்டத்தை யாரும் பேசுவதில்லை, கோல் இல்லாததால் யூடியூபில் தேடுகிறவனும் இல்லை. கிடைத்தால் முழுசாகப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் 2-0 கையில் இருந்தது. வரட்டும், நாம் நகர வேண்டாம் என்று நின்றார்கள். கோல் போட்டே பேர் வாங்கிய ஒருவர் 90 நிமிஷம் கோல் போடாத ஆட்டத்தை ஆட வைத்திருக்கிறார்.

அந்த அணியில் ஆடிய குணாலன் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஓடுவதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவேன். நம் பேர் உள்ள ஒரு ஆள் திரையில் ஓடினால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அதற்கு மேல் நான் ஒன்றும் பேச வேண்டியதில்லை.


சந்தேகம் சாமி | செவ்வாய் மதியம் 12.44

கோல் கம்பம் போட்ட ஐந்து ஆட்டம் ஒரு கோல் கணக்கு எனக்குத் தெரியாது. சரி, அதைக் கொடுத்துவிட்டேன்.

2012-ஐ மட்டும் கொடுக்க மாட்டேன். நல்ல கோச் என்றால் இரண்டாவது அணியையும் கட்ட வேண்டும். 2010 பசங்களையே பிடித்துக்கொண்டிருந்தார் என்பது என் குறை. சிங்கப்பூரிடம் 3-0 வாங்கிய அன்று நான் புக்கிட் ஜாலிலில் இருந்தேன், பக்கத்தில் என் மகன். பாதியிலேயே வீட்டுக்குப் போகலாம் என்றான். 2010-இல் அதே இடத்தில் அவனைத் தோளில் தூக்கி வைத்திருந்தேன்.


கோல் கம்பம் | செவ்வாய் மதியம் 1.02

அந்த 3-0-க்குப் பிறகு லாவோஸை 4-1, இந்தோனேசியாவை 2-0 என்று அடித்து அரையிறுதிக்குப் போனோமே அண்ணே. அங்கேயும் முதல் அடி, பிறகு எழுந்தது. இந்தத் தடவை கடைசிப் படி தவறிவிட்டது.


சந்தேகம் சாமி | செவ்வாய் மதியம் 1.06

கடைசிப் படிக்குத்தான் தம்பி கிண்ணம் கொடுக்கிறார்கள்.


பெரட்டு மணி | செவ்வாய் இரவு 8.30

சண்டையை நிறுத்துங்கள். ரெண்டு பிள்ளை அம்மா சொன்னதுக்கு வருகிறேன்.

எங்கள் காலத்தில் ஒரு பையன் நன்றாக ஆடினால் அவனைத் தேடிப் போக வேண்டியதில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும், ஞாயிற்றுக்கிழமை திடலைச் சுற்றி ஆள். யாராவது ஒருவர் பார்த்துவிட்டு, "அந்த ஏழாம் நம்பர் யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார். திடல் எங்கள் தோட்டத்து வீட்டு வரிசைக்கு, லயத்துக்கு, எதிரே இருந்தது, பஸ் பிடிக்க வேண்டியதில்லை. பிறகு ரப்பரை வெட்டிப் பாமாயில் தருகிற செம்பனை வைத்தார்கள், தோட்டத்தைத் துண்டு போட்டார்கள், ஆட்களை ஊருக்கு அனுப்பினார்கள். செம்பனை இங்கே புதுசு இல்லை. நாட்டிலேயே முதன்முதலில் வியாபாரத்துக்குச் செம்பனை நட்டது நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917-இல். நாங்கள் ஆடிய திடலிலும் இப்போது செம்பனைதான் நிற்கிறது. கோல் கம்பம் இருந்த இடத்தை இன்றைக்கும் காட்டுவேன், அங்கே வரிசை கொஞ்சம் கோணலாகப் போகும்.


லயத்துப் பையன் | செவ்வாய் இரவு 10.15

மோரின்யோ பையனுக்கு நேற்று இரவு அவன் அப்பா இரண்டு ஆட்டத்தையும் போட்டுக் காட்டினாராம், முதலில் 5-1, பிறகு ஜக்கார்த்தா இறுதி. இன்றைக்கு என்னிடம் வந்து, "அங்கிள், அஞ்சு கோல் வாங்கினப்போ அவரை ஏன் மாத்தல?" என்று கேட்டான். நல்ல கேள்விதான், யாராவது பதில் வைத்திருந்தால் சொல்லுங்கள். நான் "போய் ஓடு, ரெண்டு ரவுண்டு" என்றேன்.

அறிவிப்பு: திருவிழாவுக்குப் பந்தல் போட கோல் கம்பத்தைக் கழற்றிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்குச் செருப்புதான் கம்பம். ரெண்டு பிள்ளை அம்மா, சின்னவனை இந்த வாரம் இடது பக்கம் விடுவதாக விசில் அண்ணன் சொல்லச் சொன்னார்.

பெரட்டு அண்ணே, அந்த ஒட்டுப்பால் பந்து ஒன்று செய்ய முடியுமா? பிள்ளைகள் ஒரு தடவை உதைத்துப் பார்க்கட்டும்.


பெரட்டு மணி | செவ்வாய் இரவு 10.21

இஜோக் பக்கம் ஒரு கிராமத்துக்காரர் இன்னும் கொஞ்சம் ரப்பர் மரம் சீவுகிறார். நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு வாரம் ஆகும். திடல் ஓரத்தில்தான் வைத்துச் சுற்ற வேண்டும், வீட்டில் விட மாட்டார்கள்.